பன்னிரண்டு மைல்

அவள் விண்ணப்பத்தில்
இரண்டாவது பெயர் என்னுடையது.
முதல் பெயர், அவள் வீட்டுக்குக் குழாய் பார்க்க வரும் எல்வுட்.
உறவினர் கூடாது என்பது விதி.
அதனால்தான் நாங்கள்.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
ரொவீனா க்ளைன்ஃபெல்டரை எத்தனை வருடமாகத் தெரியும்?
குணம் எப்படி?
மெழுகில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தேன்.
போனைத் தோளில் இடுக்கியபடி
நல்லவள் என்றேன்.
வேறென்ன சொல்ல?
எங்கள் பல்செட்டுக் கூடத்தில் ஒன்பது வருடம்,
ஒருவர் வாய்க்கு இன்னொருவர் பல்லை
அவள் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

காரணம் கேட்ட இடத்தில்
தற்காப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.
யாரிடமிருந்து என்று
படிவம் கேட்கவில்லை.

இருபது டாலர். ஒரு புகைப்படம். மூன்று வாரம்.
வந்து சேர்ந்த அட்டையில் அவள்
பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டவள் மாதிரி இருந்தாள்.
உறையோடு செருகிப் பார்த்து
இடுப்பில் உறுத்துகிறதே என்றாளாம்.
பழகிவிடும் என்றாராம் கடைக்காரர்.

செவ்வாய்க்கிழமை தோறும்
சேம்பர்ஸ்பர்க்கிலிருந்து மார்ட்டின்ஸ்பர்க்குக்கு
ஊரார் பற்களை ஏற்றிக்கொண்டு போகிறாள்.
எண்பத்தொன்றாம் நெடுஞ்சாலை.
பென்சில்வேனியாவில் அட்டை செல்லும்.
மேற்கு வர்ஜீனியாவில் செல்லும்.
நடுவில் மேரிலாண்ட்,
புடவைக் கரை அகலத்துக்கு ஒரு கீற்று,
அங்கே செல்லாது.

அந்தப் பன்னிரண்டு மைலுக்குள்தான்
அவன் வீடு இருக்கிறது.

அன்றைக்கு நானும் போனேன்,
ஒரு நோயாளிக்குப் பல்லின் நிறம் பொருத்திப் பார்க்க.
ஸ்டேட் லைன் என்றே பெயர் கொண்ட ஊரில்
பெட்ரோல் பங்கின் பின்புறம் நிறுத்தினாள்.
குண்டுகளை எடுத்தாள், எண்ணினாள்,
துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து நம்பர் பூட்டுப் போட்டாள்.
டிக்கியில் அது
யார் யாருடையவோ சிரிப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.
போலாமா என்றாள்.

மடியில் கனமில்லை இப்போது.
வழியெல்லாம் பயம்.

ஹாஃப்வே என்ற இடத்தருகே வண்டிகள் நின்றுவிட்டன.
பாதி வழி என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள்
அங்கே நாற்பது நிமிடம் நின்றிருக்க மாட்டார்கள்.
இடப்பக்கம் ஒரு சாம்பல் நிற பிக்கப்,
ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை.
முழங்கை மட்டும்தான்.
ரொவீனா கண்ணாடியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள்,
திரும்பவும் கண்ணாடியை.
வலது கை இடுப்புக்குப் போய்
ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
அவன் நெருங்கக் கூடாதென்று நீதிபதி எழுதிய தாள்
இங்கேயும் செல்லும், தெரியுமா, என்றாள்.
அதுவும் டிக்கியில்தான் இருக்கிறது.

பிக்கப் நகர்ந்தது.
ஓட்டியவர் ஒரு கிழவர்,
நாய்க்குட்டிக்குச் சீஸ் துண்டு ஊட்டிக்கொண்டிருந்தார்.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

பொட்டோமாக் பாலம் தாண்டி
ஃபாலிங் வாட்டர்ஸில் ஒதுங்கினோம்.
டிக்கியைத் திறந்தவளுக்கு
பூட்டின் சக்கரங்கள் விரலுக்கு அடங்கவில்லை.
நீயே திற என்றாள்.
நாலு, சைபர், ஏழு, ஏழு.
மூன்றாவது எண்ணில்தான் உறைத்தது,
என் போன் நம்பரின் கடைசி நான்கு.
படிவத்தில் எழுதி எழுதி மனப்பாடம் ஆகிவிட்டது,
என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ட்டின்ஸ்பர்க்கில்
டாக்டரின் நாற்காலியில் ஓர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்,
ஆர்லி பம்கார்ட்னர்.
நாங்கள் கொண்டுபோன கீழ்வரிசையை மாட்டினார்,
கடித்தார், வாயை இப்படியும் அப்படியும் கோணினார்.
உறுத்துகிறது என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
கதவருகே ரசீதோடு நின்றிருந்த ரொவீனா
ஜாக்கெட்டை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்,
பழகிவிடும்.
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
இல்லையென்றால் சொல்லுங்கள், தேய்த்துத் தருவார்கள்.